உயிரோடு இருப்பவர்கள் பட்டியல்

வேழமலை நாட்டில் குடிமக்கள் எல்லாரும் சமம் என்று அரண்மனை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அரண்மனை, மருத்துவமனை, கடைவீதி, வாக்குச்சாவடி எல்லாம் ஆற்றின் மேல்கரையில் இருந்தன. கீழ்க்கரையில் கறுத்த மேனிக்காரர்கள் இருந்தார்கள். தலைக்கணக்கில் அவர்கள்தான் அதிகம். வாக்களிக்க வருவதோ பத்துப் பேர். நாட்டின் அமைதிக்கு அதுவே காரணம் என்று அமைச்சர்கள் மனதார நம்பினார்கள்.

பரிசல் ஓட்டும் நல்லக்காளும் வாக்களிக்கப் போனதில்லை. மகள் பூவாத்தாள் மட்டும் போன தேர்தலில், பாலம் கட்டுவேன் என்றவருக்குப் போட்டுவிட்டு வந்தாள். பாலம் வரவில்லை. சென்ற ஐப்பசி வெள்ளத்தில், ஆற்றைக் கடக்க வழியில்லாமல், பிரசவ வலியோடு கரையிலேயே கிடந்து அவள் செத்துப்போனாள். வாக்களிக்க வா என்று மகள் கூப்பிட்டபோது கூடப் போகாததை நினைத்து நினைத்து நல்லக்காளுக்கு மனசு ஆறவில்லை. இந்தத் தேர்தலுக்கு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

“ஏனக்கா, நாம போட்டாப் பாலம் வந்துருமாக்கும்?” என்றான் பக்கத்து வீட்டு மாரப்பன்.

“இத்தன வருசம் போடாமத்தான இருந்தோம். வந்துச்சா?”

முந்நூறு பேர் கிளம்புகிறார்கள் என்ற செய்தி அரண்மனையை எட்டியது. தேர்தலின் புனிதம் காக்க, அன்று பரிசல் ஓடக் கூடாது என்று ஆணை வந்தது. ஆற்றோரமாகப் பத்து மைல் நடந்தால் முழங்கால் ஆழம்தான், அங்கே கடப்போம் என்றார்கள் சனங்கள். வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது லஞ்சம் என்று அடுத்த ஆணை வந்தது. தாகத்தோடு நிற்போம் என்றார்கள். கடைசியாக, போன தேர்தலில் வாக்களித்தவர் உயிரோடு இருப்பவர், வாக்களிக்காதவர் இறந்தவர் என்று ஒரு சட்டமே போட்டார்கள். அது தேர்தலன்று விடியற்காலையில் வந்தது. கீழ்க்கரைக்குப் போய்ச் சொல்லத்தான் பரிசல் ஓடவில்லையே.

உச்சி வெயிலில் நல்லக்காள் மேசை முன் வந்து நின்றாள். அதிகாரி ஏட்டைப் புரட்டினார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

“அம்மா, நீங்க இறந்துட்டீங்க. பின்னாடி நிக்கறவங்களும் அப்படித்தான்.”

“உசுரோடதானுங்க நிக்கறேன்.”

“நிக்கறது வேற, சட்டம் வேற. உங்க வீட்டுல உயிரோட இருக்கறது பூவாத்தாள் ஒருத்தர்தான். அவங்க காலையிலயே வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாங்க.”

நல்லக்காள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பாத்தீங்களா? எப்படிங்க இருந்தா எம் புள்ள?”

அதிகாரி ஏட்டிலிருந்து தலை நிமிரவில்லை. பின்னால் நின்ற முந்நூறு பேரும், அவர் சொல்லட்டும் என்று காத்து நின்றார்கள்.