முடிவு எழுதாத முள்ளம்பன்றி

ஒரு காட்டில், மரம் கொஞ்சமும் சினிமா போஸ்டர் நிறையவுமாக இருந்த ஒரு காட்டில், முள்ளையா என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தார். நீதிக்கதை என்றால் மிருகங்களை 'அது' என்றுதான் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் முள்ளையா சினிமாவுக்கு இசை போடுகிறவர். சினிமாவில் பெரிய ஆட்களை அஃறிணையில் எழுதினால் ரசிகர் மன்றம் கல்லோடு வீட்டுக்கு வரும். ஆகவே 'அவர்'.

முள்ளையா இசை போட்ட படங்களில் எல்லாம் கதாநாயகன் ஒரே சிங்கம்தான். பெயர் பிடரிவேந்தன். வேறு சிங்கங்களும் இருந்தன. அவை இப்போது பக்கத்துக் காட்டில் சீரியலில் மாமனாராக நடிக்கின்றன. பிடரிவேந்தன் படத்துக்கு என்று ஒரு சட்டம் உண்டு. அவர் வாயைத் திறந்தால் இசை வாயை மூட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நரி, திரையில் சிங்கத்தின் உதடு அசைந்த மாத்திரத்தில் இசைக்கான குமிழைக் கீழே இழுத்துவிடும். வருஷக்கணக்காகத் திரையைப் பார்த்தே வாசித்ததில் வாத்தியக்காரர்களுக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நேரில் சிங்கம் தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தாலும் வயலின் வாசிக்கும் சில்வண்டுகள் சட்டென்று அடங்கிவிடும்.

முள்ளையா ஒரு படத்தில், கதாநாயகனின் அம்மா செத்துப்போகும் காட்சிக்கு ஒரு குழல் மெட்டுப் போட்டிருந்தார். வாசித்தது கொண்டைக்குருவி. வாசித்துவிட்டுத் தானே அழுதது. அவ்வளவு நல்ல மெட்டு. படத்தில் சிங்கம் சிதைக்கு முன்னால் நின்று, அந்தக் குழலுக்கு மேலேயே முழு நீளத்துக்கு வசனம் பேசித் தள்ளிவிட்டார்; நரியும் குமிழை இழுத்துவிட்டது.

முள்ளையா தியேட்டர் வாசலில் நின்று, வெளியே வந்த முயலை நிறுத்திக் கேட்டார். "அந்த சீன்ல குழல் எப்படி இருந்துச்சு?"

"குழலா?" என்றது முயல். "அம்மாவைத்தானே எரிச்சாங்க?"

அன்று முள்ளையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை, மேலே யாரும் பேசாமல், அந்த மெட்டை இந்தக் காடு கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் என் கட்டை வேகாது என்று மனைவி ஊசிமலரிடம் சொன்னார். படம் வேண்டாம், வசனம் வேண்டாம், மேடையில் வெறும் இசை. அந்தக் காட்டின் சபாவுக்குச் செயலாளர் ஆந்தையார். முள்ளையா அவரிடம் போய் நின்றார்.

ஆந்தையார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சினிமாவுக்குப் போட்டதையா? அதுக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாதே ஐயா! ஒரு உருப்படின்னா ஆரம்பிக்கணும், வளரணும், முடியணும். அப்படி முழுசா ஒண்ணு வாசிச்சுக் காட்டும். தேறினா வருஷா வருஷம் உமக்கு மேடை. தேறலைன்னா சபா பக்கம் தலை வச்சுப் படுக்கப்படாது."

"இவ்வளவுதானே?" என்று வீட்டுக்கு வந்த முள்ளையா, பழைய இசைத்தாள்களை எடுத்து வரிசையாக அடுக்கி, ஊசிமலரை எதிரே உட்காரவைத்து ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினார். ஆரம்பம் அமைதியாகப் போனது. திடீரென்று 'டட்டட்டாங்!' என்று ஒரு அடி.

ஊசிமலர் துள்ளி எழுந்தாள். "என்னங்க! யாரு வந்தா?"

"வில்லன் கதவைத் திறக்கிறான்."

"கதவே இல்லையே?"

"படத்துல இருந்துச்சு."

அடுத்து ஒரு துண்டு, பாதியில் நின்றது. "ஏன் நிறுத்திட்டீங்க?" "இங்க சிங்கம் பேசுவாரு." இன்னொரு துண்டு தாளத்தில் நொண்டியது. "இது ஏன் இப்படி இழுக்குது?" "எடிட்டர் குரங்கு ஒரு ஷாட்டை வெட்டிட்டான். அதுக்காக நானும் அரைத் தாளத்தை வெட்டினேன்." பிறகு வெகுநேரம் 'ங்ங்ங்' என்று ஒரே ஒலி. "இது?" "ஓநாய் மாடிப்படி ஏறுது. பெரிய மாடி."

ஆந்தையார் சொன்னதில் தப்பில்லை என்று அப்போதுதான் முள்ளையாவுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் செய்தது தையல் வேலை; சிங்கம் நடந்தால் நடைக்கு ஒரு துணி, முறைத்தால் முறைப்புக்கு ஒரு துணி. சிங்கத்தை எடுத்துவிட்டால் வெறும் சட்டைகள் கொடியில் ஆடுகின்றன.

ஆனாலும் விடுவதாக இல்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்து எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முள் மழுங்கியது. கதவு திறக்கும் அடியை எடுத்துவிட்டு அங்கே ஒரு நடனம் வைத்தார். குரங்கு வெட்டிய தாளத்தை ஒட்டினார். ஓநாயை மாடியிலிருந்து இறக்கிவிட்டார். சிங்கம் பேசிய இடங்களில் எல்லாம் குழலைப் பாடவிட்டார். வளையெங்கும் மழுங்கிய முட்கள் குவிந்தன.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டா, புலி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் ஊசிமலர்.

"குழலை வாசிக்கச் சொல்வேன்."

"புலி அழுதுகிட்டே சாப்பிடும்."

ஒத்திகையில் புதுத் தலைவலி. படத்தில் கொண்டைக்குருவியின் குழல் யானைகளின் கொம்பு வாத்தியங்களையும் மீறிக் கணீரென்று கேட்கும். அது நரியின் உபயம். குருவியைக் கூட்டி, யானைகளைக் குறைத்துவிடும். மேடையில் ஏது குமிழ்? யானைகள் மூச்சுவிட்டாலே குருவி பறந்துபோய்க் கிளையில் ஒட்டிக்கொண்டது. முள்ளையா எல்லாக் கொம்புகளிலும் வாழையிலையைச் சுருட்டி அடைத்தார். யானைகள் இடைவேளையில் அதைத் தின்றுவிட்டன.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டார். ஒன்றுதான் முடியவில்லை. முடிவு.

முள்ளையா தன் வாழ்நாளில் ஒரு இசைக்கும் முடிவு எழுதியதில்லை. சினிமாவில் அதற்குத் தேவையே வரவில்லை. வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். நரி மெதுவாகக் குமிழை இறக்கும். இசை தேய்ந்து மறையும். உலகத்தில் எல்லா இசையும் அப்படித்தான் தானாகத் தீர்ந்துபோகும் என்று அவர் பாதி நம்பியே இருந்தார்.

ஒரு முள்ளைப் பிடுங்கி முடிவு எழுதினார். அது கல்யாணத்தில் தாலி கட்டும்போது அடிக்கிற கெட்டிமேளமாக வந்தது. ஒத்திகைக்கு வந்திருந்த மான்கள் அட்சதை தேடின. இன்னொரு முள், இன்னொரு முடிவு. அது நன்றாகத்தான் முடிந்தது, ஆனால் முடிந்த வேகத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்படியே போய், கடைசியில் அவர் முதுகில் ஒரே ஒரு முள் மிச்சம். அதை எழுதப் பிடுங்கினால், மேடையில் தாளம் காட்டக் கையில் கோல் இல்லை.

"என்ன பண்ணப் போறீங்க அண்ணே?" என்று கேட்டது நரி.

"மேடையில பாத்துக்கலாம்" என்றார் முள்ளையா. தமிழ்க் காடுகளில் இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது.

கச்சேரி நாள் மாலை ஆற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. யானைகளை நிறுத்த இடமில்லை. முன்வரிசையில், நடு நாற்காலியில், பிடரிவேந்தன். அவரை அழைக்காவிட்டால் பந்தல்காரன் பந்தல் போடமாட்டான். பக்கத்தில் ஆந்தையார், இரண்டு கண்ணையும் மூடி. மூன்றாவது வரிசையில் ஊசிமலர். மொட்டை முதுகில் குளிர்காற்று படப்பட, கையில் கடைசி முள்ளோடு முள்ளையா மேடை ஏறினார்.

ஆரம்பம் அமர்க்களம். நடனப் பகுதிக்கு முயல்கள் எழுந்து ஆடின. பிறகு எல்லாம் அடங்கி, கொண்டைக்குருவி குழலை எடுத்தது. முள்ளையா கையிலிருந்த முள்ளை மெல்ல அசைத்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் முதுகு முழுக்கப் பிடுங்கியது.

குழல் இரண்டு சுரம் நகர்ந்தது. கூட்டத்தில் ஒரு காட்டெருமை கத்தியது: "டேய், அம்மா சீன்டா!"

அவ்வளவுதான். காடே எழுந்து நின்று ஒரே குரலில் வசனத்தை ஆரம்பித்தது. "அம்மா! இவங்க எரிக்கிறது உன்னை இல்லம்மா... என் குகையோட விளக்கை!" ஒரு வரி விடவில்லை. சிங்கம் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே மூச்சு வாங்கினார்கள். எங்கே மூக்கை உறிஞ்சுவாரோ அங்கே எல்லோரும் உறிஞ்சினார்கள். பிடரிவேந்தன் எழுந்து நாலா பக்கமும் கும்பிட்டார். குருவி வாசித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் அலகு அசைவது மட்டும் தெரிந்தது. முள்ளையாவுக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஊசிமலர் ஒருத்தி மட்டும் காதுகளுக்குப் பின்னால் கையைக் குவித்துவைத்து, எட்டிக் குழலைக் கேட்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை கோபமாக மாறியது. "வாசிங்கடா!" என்று யானைகளைப் பார்த்து முள்ளை வீசினார். கொம்புகள் முழங்கின, மரங்கொத்தி மத்தளமாக அடித்த மரம் அதிர்ந்தது, சில்வண்டுகள் உச்சத்துக்குப் போயின, இசை மலையேறிச் சிகரத்தில் நின்றது. அங்கே தாள் தீர்ந்துவிட்டது.

வாத்தியக்காரர்கள் முள்ளையாவைப் பார்த்தார்கள். முள்ளையா அவர்களைப் பார்த்தார். மரங்கொத்தி தாளத்தை விடாமல், "அண்ணே, அடுத்து?" என்று கேட்டது.

"மறுபடி மேலேருந்து!"

மறுபடி சிகரம் வரை ஏறினார்கள். கூட்டம் கைதட்டியது. மறுபடி. கைதட்டல் குறைந்தது. மறுபடி. மான்கள் குட்டிகளைக் கூப்பிட்டுக் கிளம்பத் தொடங்கின. யானைகளுக்கு நாக்கு வறண்டது, மரங்கொத்திக்கு அலகில் புகை வந்தது. சில்வண்டுகள் மட்டும் சந்தோஷமாக இருந்தன; அவற்றுக்குத் தானாக நிறுத்தத் தெரியாது. பின்னால் நின்ற நரி பழக்கதோஷத்தில் காற்றில் எதையோ பிடித்துக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இறக்க ஒண்ணுமே இல்லண்ணே!" என்று அலறியது. முள்ளையா இன்னும் வேகமாக வீசினார். கடைசி முள் படக்கென்று ஒடிந்தது.

முடிந்தது பிழைப்பு என்று நினைத்தார். ஆந்தையாரின் புருவம் ஏறுவதைப் பார்த்தார். அப்போது பிடரிவேந்தன், தன் வசனம் முடிந்தபின் நடப்பதில் தனக்கென்ன வேலை என்று வெகுநேரமாகச் சலித்துப்போயிருந்தவர், மெல்ல வாயைத் திறந்தார்.

திறந்ததுதான் தாமதம், யானை, மரங்கொத்தி, வண்டு, குருவி எல்லாம் ஒரே நொடியில் கப்சிப். சிங்கம் வாயைத் திறந்தால் இசை வாயை மூட வேண்டும், சட்டம் சட்டம்தான். கிளம்பிய மான்கள் நின்றன. இலை விழுந்தால் கேட்கும். அந்த மௌனத்தின் நடுவில், சிங்கம் நீளமாக, நிதானமாக, கண்ணில் நீர் வர, ஒரு கொட்டாவி விட்டார். "ஆ... ஆ... ஆவ்." வாய் மூடியது.

ஆந்தையாரின் கண் இரண்டும் திறந்தன. "பேஷ்! என்ன முடிவு ஐயா இது! அத்தனை ஆரவாரத்தையும் ஒரே வெட்டு வெட்டி, ஜீவனோட ஆதி மூச்சில் கொண்டுபோய்க் கரைச்சுட்டீரே! இதை எத்தனை நாள் யோசிச்சீர்?"

முள்ளையா உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேடைக்கு ஓடி வந்திருந்த ஊசிமலர் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

"பல வருஷம்" என்றார் முள்ளையா.

சபா மேடை கிடைத்தது. பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது, கொட்டாவியோடுதான் வேண்டும் என்று. பிடரிவேந்தன் கேரவன் கேட்டார், கிடைத்தது. ஒரு நாள், "நேத்து நல்லாத் தூங்கிட்டேன் தம்பி, கொட்டாவி வரமாட்டேங்குது" என்று கைவிரித்தார். அன்றிலிருந்து, கச்சேரிக்கு முன்னால் ஆந்தையார் சிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நாதத்தின் தத்துவத்தை விளக்குவது என்று ஏற்பாடாயிற்று. ஒருபோதும் பிசகியதில்லை.

முள்ளையாவுக்கு முதுகில் முட்கள் மறுபடி முளைத்தன. முதல் முள் முற்றியதும் பிடுங்கி, கடைசியாக ஒரு திருத்தம் செய்தார். கூட்டம் எங்கே வாய் மூடுகிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். வசனம் வருகிற இடத்திலிருந்து குழலை எடுத்துவிட்டார். இசை சிகரத்தில் நின்றபின், சிங்கம் எப்போது வாயைத் திறப்பார் என்று காடே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறதே, அந்த மௌனத்தில் குழலைக் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த கச்சேரியில் கொண்டைக்குருவி மெட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தது. ஒருவர் இருமவில்லை, ஒருவர் பேசவில்லை. ஊசிமலர் கையைக் குவிக்காமலே முழுதும் கேட்டு அழுதாள். மெட்டு முடிகிற இடத்தில் சிங்கம் கொட்டாவி விட்டார். காடு அதிர்ந்தது.

முள்ளையா கீழே இறங்கி ஓடிவந்து, அதே முயலைப் பிடித்து நிறுத்தினார். "இப்ப சொல்லு. குழல் எப்படி இருந்துச்சு?"

"அருமைங்க!" என்றது முயல். "கொட்டாவிக்கு அப்படிப் பொருந்திச்சு. ஆமா, அந்தப் பின்னணி இசை போட்டது யாருங்க?"

நீதி: உன் பாட்டை ஊர் கேட்க வேண்டுமானால், நன்றாக வாசிக்கப் பழகாதே, பெரிய மனிதர் எப்போது வாயைத் திறப்பார் என்று ஊர் காத்திருக்கும் நேரம் பார்த்து வாசிக்கப் பழகு.