பிரதோஷத்துக்கும் பூட்டிய பங்குச்சந்தை

ஆடிப்பிறப்பன்று சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு தீர்மானம் எடுத்தேன். வாங்கின விலை திரும்பி வரும்வரை என் தேயிலைக் கொம்பனிப் பங்கில் ஒன்றைக்கூட விற்பதில்லை. நாலு வருடம் பொறுத்தவன். இன்னும் நாலு வருடம் பொறுப்பேன்.

இதை மனிசிக்குச் சொல்லவில்லை. என் அழிவு அங்கே தொடங்கியது.

ஒரு கிழமை கழித்து மனிசி வந்து நான் சாய்ந்திருந்த கதிரைக்கு முன்னால் நின்றாள். பெயர் சிவக்கொழுந்து. முழங்கால் இரண்டும் பழுது. எங்கள் கக்கூசு கிணற்றடிக்கு அப்பால். போன மாரியில் அங்கே போகிற வழியில் சறுக்கி விழுந்து மூன்று கிழமை பாயில் கிடந்தாள்.

“இஞ்சேருங்கோ. அந்தப் பங்குகளை வில்லுங்கோ. இந்த மாரிக்கு முதல் வீட்டோடை சேத்து ஒரு கக்கூசு கட்டோணும்.”

நியாயமான பேச்சு. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

“இண்டைக்கு ஏலாது. சந்தை பூட்டு.”

“ஏன்?”

“போயா.”

அது உண்மை. பூரணை நாளில் இந்த நாட்டில் அரசாங்கக் கந்தோரும் பூட்டு, சாராயக்கடையும் பூட்டு, பங்குச்சந்தையும் பூட்டு. உண்மையோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டு கிழமையில் திரும்பவும் வந்தாள்.

“இண்டைக்கு விப்பமோ?”

“இண்டைக்கு ஆடி அமாவாசை.”

“அதுக்கு?”

“பூரணைக்குப் பூட்டுறவன் அமாவாசைக்குத் திறப்பானோ? செத்த அப்பருக்கு விரதம் பிடிக்கிற நாளிலை ஆர் பங்கு விக்கிறது?”

கொஞ்சம் யோசித்தாள்.

“ஓம், அதுவும் சரிதான்,” என்று அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

இவ்வளவு லேசா? பஞ்சாங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏகாதசி, பூட்டு. பிரதோஷம், பூட்டு. சதுர்த்தி, பூட்டு. கார்த்திகை, பூட்டு. சனி ஞாயிறு அவனே பூட்டுகிறான். மிச்ச நாளில் ஒன்பதரை தொடக்கம் இரண்டரை மட்டும் சந்தை. அதிலே ராகுகாலத்தை வெட்டினேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு மட்டும் ஒருவரும் விற்க மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு சோறு. சோற்றுக்குப் பிறகு நித்திரை. எழும்பினால் மூன்று மணி.

“கொழும்பிலை ஆரும் வேலை செய்யிறவையோ?” என்று கேட்டாள்.

“இல்லை. அதுதான் நாடு இப்பிடிக் கிடக்கு.”

மூன்று கிழமை ராசா மாதிரி இருந்தேன். பிறகு ஒரு ஏகாதசி காலை வந்தது.

“இண்டைக்குப் பூட்டுத்தானே?”

“ஓம். ஏகாதசி.”

“அப்ப உங்களுக்கும் லீவு. பனங்காணியிலை ஓலை விழுந்து கிடக்கு. வேலி அடைக்கோணும். இழுத்துக்கொண்டு வாங்கோ.”

சந்தை நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பவனை எழுப்பக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். பூட்டின நாளுக்கு அந்தச் சட்டம் செல்லாது. போனை எடுத்தேன்.

“சந்தை பூட்டியிருக்க உது எதுக்கு? ஓலைக்குள்ளை விழுந்தால் ஆர் தேடுறது? வைச்சிட்டுப் போங்கோ.”

வைத்துவிட்டுப் போனேன். காணி சாட்டிக் கடற்கரைப் பக்கம். ஒன்பது மணிக்குச் சைக்கிளில் போனால் வீடு வர மூன்று மணி. எனக்கு வயது அறுபத்தொன்பது.

பிரதோஷத்துக்கும் ஓலை. சதுர்த்திக்கு ஆட்டுக்குக் குழை. கார்த்திகைக்கு வேலிக்குக் கதியால் வெட்டு. தபால் அதிபராய் இருந்த முப்பது வருடத்திலும் இப்படி வேலை செய்ததில்லை. லீவு கூடக் கூட முதுகும் நாரியும் வளைந்தன.

போன பிரதோஷத்தன்று மரியநாயகம் காணி வாசலில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினான். அல்லைப்பிட்டியில் இருந்து மீன் கொண்டுவருகிறவன்.

“என்ன அண்ணை, பென்சன்காரர் வெயிலுக்கை?”

“சந்தை பூட்டு.”

“எந்தச் சந்தை? நான் இப்ப அங்கை மீன் வித்துப்போட்டெல்லோ வாறன்.”

“கொழும்புப் பங்குச்சந்தையடா.”

“அது பூட்டினால் நீங்கள் ஏன் ஓலை இழுக்கிறியள்?”

“இண்டைக்கு விரதம். மீன் வேண்டாம், போ.”

திறந்திருக்கு என்றால் விற்க வேண்டும். பூட்டு என்றால் இழுக்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்றைப் பஞ்சாங்கம் முழுக்கத் தேடினேன். இல்லை.

நேற்று வியாழக்கிழமை. விடியப் பார்த்தால் சீப்பெடுத்துத் தலை இழுக்கக் கை எழும்பவில்லை. தீர்மானத்தைத் தூக்கி எறிந்தேன்.

“இஞ்சேர். இண்டைக்குத் திறந்திருக்கு. விக்கப்போறன். கக்கூசைக் கட்டும்.”

“உங்கடை விருப்பம்,” என்றாள். தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

சரியாக ஒன்பதரைக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள தரகர் கந்தோருக்கு எடுத்தேன். அங்கே பிரியதர்சினி என்றொரு பிள்ளை.

“பிள்ளை, என்ரை பங்கு முழுக்க வில்லு.”

“எதை ஐயா? கணக்கிலை ஒண்டும் இல்லையே.”

“வடிவாப் பார்.”

“பாத்திட்டன் ஐயா. போன கிழமை, புதன்கிழமை அம்மா வித்திட்டா.”

“எந்த அம்மா?”

“உங்கடை வீட்டு அம்மாதான். கூட்டுக்கணக்கெல்லோ. உங்களுக்கு ஒண்டு நடந்தால் அவ அலையக்கூடாது எண்டு நீங்கள்தானே அவவின்ரை பேரையும் போட்டனீங்கள்.”

என் நல்ல மனம்.

“கிழமையிலை ரெண்டு நாள் எடுப்பா ஐயா. ‘இண்டைக்கு அவர் வீட்டிலை இல்லை, வாங்கின விலை வந்தால் வித்துவிடு பிள்ளை’ எண்டு சொல்லுவா. புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. அரை மணித்தியாலம் நிண்டது. பேந்து விழுந்ததுதான், இன்னும் எழும்பேல்லை. அம்மா கெட்டிக்காரி.”

புதன்கிழமை. பிரதோஷம். நாலு வருடம் பார்த்திருந்த அந்த அரை மணித்தியாலத்தில் நான் பனையடியில் நின்று மீன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்தேன். மனிசி குசினி வாசலில் நின்றாள்.

“லீவுநாளிலையோ வித்தனீர்?”

“நீங்கள் வீட்டிலை நிண்டால் விக்க விடமாட்டியள். அதுதான் லீவுநாளாப் பாத்தனான்.”

“வித்து எட்டு நாளாச்சு. அதுக்குப் பிறகும் சதுர்த்திக்கு என்னைக் குழை வெட்ட விட்டனீர்.”

“சொன்னால் போகமாட்டியள். ஆடு என்ன செய்யும், பாவம்.”

கதிரையில் இருந்தேன். இருக்கவும் நாரி விடவில்லை.

“மேசன் நாளைக்கு வாறார்,” என்றாள். “கல்லுத் தூக்க ஒரு ஆள் வேணுமாம். நாளைக்கு என்ன லீவு எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

பஞ்சாங்கத்தைத் திறந்தேன். கார்த்திகை.