புஷ்பலதாவின் வலது கால்

"அக்கா, உதைச்சிட்டீங்களா இல்லையா?"

பாயில் குப்புறப் படுத்திருந்த லாரி டிரைவர் மகேந்திரன் தலையை மட்டும் திருப்பிக் கேட்டான்.

"மூணு தரம் உதைச்சிட்டேன், தம்பி."

"பூனை நடந்த மாதிரி இருந்துச்சு. இதுக்கா லா நான் காம்பார்லேருந்து வந்தேன்?"

புஷ்பலதா தன் வலது குதிகாலைக் கவலையோடு பார்த்தாள். அவித்து இறக்கிய இடியாப்பம் போல வெள்ளையாக, மெத்தென்று இருந்தது.

தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மூன்று முறை உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதானே. புஷ்பலதா அப்படிப் பிறந்தவள். நாத்தனார் கலாதேவியின் கேண்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டே, பிடிப்போடு வந்தவர்களை இருபது வருடம் சும்மாவே உதைத்து அனுப்பியவள். இந்த வருடம்தான் வேலையை விட்டு, ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டினாள்.

"போ, போ. மூணு மாசத்துல திரும்பி வருவே. ஒன் ஏப்ரனை ஆணியிலேயே மாட்டி வைக்கிறேன்" என்றிருந்தாள் கலாதேவி. இது மூன்றாவது மாதம்.

அந்தப் பயத்தில்தான் தொழில் ஆலோசனை சொல்லும் ஷர்மினியிடம் போனிலேயே வகுப்பில் சேர்ந்தாள்.

"அக்கா, மொதல்ல உங்க மேல முதலீடு பண்ணுங்க. உங்க தொழிலுக்கு மூலதனம் எது?"

"காலும்மா."

"அப்ப காலுக்குச் செய்யுங்க."

செய்தாள். அழகு நிலையத்தில் இரண்டு மணி நேரம் சுரண்டினார்கள். ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த அத்தனை வருட வெடிப்பும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் கரைந்து போயிற்று. மகேந்திரனோடு சேர்த்து நான்கு பேர் குறை சொல்லிவிட்டார்கள்.

"கவலைப்படாதீங்க அக்கா. பூங்காவுல கூழாங்கல் பாதை இருக்குல்ல, அதுல நடங்க. தானா உரம் ஏறிடும்" என்றாள் ஷர்மினி.

மூன்றாம் நாள் கல் புரண்டது. வலது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. செருப்பைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர் தர்மா, "சுளுக்குதான். யார்கிட்டயாவது காட்டுவமா?" என்றார்.

"வேற ஆள்கிட்ட நான் போனேன்னு தெரிஞ்சா யாருங்க என்கிட்ட வருவா?"

மறுநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலால் உதைத்தாள். படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் சதாசிவம். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, பொறக்கும்போது எந்தக் கால் மொதல்ல வந்துச்சு?"

"தெரியலையே அண்ணே."

"தெரியாமயா உதைக்கிற? தப்புக் காலா இருந்தா பிடிப்பு கூடிடாது?"

வரிசையில் இருந்த ஒருவர், "ரெண்டும் சேர்ந்து வந்திருந்தா?" என்றார்.

"அப்ப மேல ஏறிக் குதிக்கணும்."

அறை காலியாகிவிட்டது. அன்று மாலையே கலாதேவியிடமிருந்து செய்தி வந்தது: "ஏப்ரன் தொவைச்சு வச்சிருக்கேன்."

ஷர்மினி மட்டும் குஷியாகிவிட்டாள். "இதான் அக்கா உங்க கதை. உங்க அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவங்களையே பேச வைங்க. போன்ல நேரலையா போடுங்க. அப்புறம் யாரு கேள்வி கேப்பா?"

மருத்துவச்சி கருப்பம்மாள் ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருந்தாள். வயது எண்பத்தாறு. தர்மா காரை ஓட்டினார், பிறகு போனையும் அவரே பிடித்தார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகேந்திரன் இருந்தான், சதாசிவம் இருந்தார், கலாதேவி முதல் ஆளாக வந்திருந்தாள்.

கருப்பம்மாள் அடி தப்பிய ஆணி மாதிரி வளைந்து நடந்து வந்தாள்.

"நாலு நாளா நிமிர முடியலடி. மொதல்ல ஒதை. அப்பறமா பேசுறேன்."

"எந்தக் காலு ஆயா?"

"எது நோவலையோ அது."

பாய் விரித்தார்கள். புஷ்பலதா தர்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சாமியை நினைத்து, இடது காலால் மூன்று முறை உதைத்தாள்.

கருப்பம்மாள் எழுந்தாள். நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். நேரே அடுப்படிக்கு நடந்து போய் மூன்று குவளை மைலோ கலந்து எடுத்து வந்தாள்.

போன் திரை முழுக்க இதயங்கள் பறந்தன. "நாளைக்கு வாரேன் அக்கா" என்று மகேந்திரன் எழுதினான். "நான் காலையிலேயே வந்துடுவேன்" என்றார் சதாசிவம்.

புஷ்பலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஆயா, இப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. நான் பொறக்கும்போது எந்தக் கால் மொதல்ல வந்துச்சு?"

கருப்பம்மாள் மைலோவை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"மூணாவதும் பொண்ணான்னு ஒங்கப்பன் தூக்க மாட்டேன்னுட்டான், கால் முன்னால வந்த ராசிக்காரிடான்னு ஒரு பொய்யச் சொல்லித்தான் அவன் கையில குடுத்தேன், நீ தலையாலதாம்மா வந்த."