நாலும் நாலும் ரெண்டு

திருவொற்றியூர் முழுக்கத் தேடினாலும் ஓம் அண்ணனைப் போல மோட்டார் சைக்கிளைக் காதால் ஓட்டிய ஆள் கிடைக்கமாட்டார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஸ்பீக்கரின் முதுகில் நாலு ஓம், எட்டு ஓம் என்று போட்டிருக்குமே, கரண்டை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு, அதை உலகத்துக்கே பொருத்திப் பார்ப்பார். தெருவில் கல்யாணம் நிச்சயமானால், "பொண்ணு எத்தினி ஓம், பையன் எத்தினி ஓம், பாத்தீங்களா?" என்பார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷம். வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்து, பின்சீட்டின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் மாட்டினார். ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேலேயே 'நாலு ஓமுக்குக் குறையக் கூடாது' என்று போட்டிருந்தது. ஸ்பீக்கர்கள் நாலு நாலு ஓம். இரண்டின் ஒயரையும் ஒன்றாக முறுக்கிச் சொருகினார்.

"நாலும் நாலும் எட்டு. சோக்கா தாங்கும் மாமு," என்றார் என்னிடம்.

வண்டி தேரடியில் திரும்பினால் காசிமேட்டில் வலை உலர்த்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அண்ணி பின்னால் உட்கார்ந்து போகையில் சீட்டிலிருந்து புகை வந்தது. கல்யாணப் பட்டுப்புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"நீ அந்தப் பொட்டியோடவே குடித்தனம் பண்ணு," என்று சொல்லிவிட்டு அண்ணி மீஞ்சூரில் அம்மா வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்.

கல்மண்டபத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாய் கருகிய பெட்டியை முகர்ந்தார். "இப்படி சேத்து முறுக்கினா நாலும் நாலும் ரெண்டு நைனா. கரண்ட டபுளா இழுக்கும், பொட்டி பொசுங்கிடும். ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்தாத்தான் எட்டு. இன்னா, சத்தம் கம்மியாத்தான் கேக்கும்."

ஓம் அண்ணன் கருகிய பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "இத்தினி நாளா ரெண்டு ஓம்ல குடும்பம் நடத்திகினு இருந்துகிறேன்," என்றார்.

புதுப் பெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் போனோம். துணைக்கு நான். வழியெல்லாம் தண்ணீர் தேங்கிய வெளி, அதில் மேகம். பாட்டு பூனை போலக் கூடவே வந்தது. சில இடங்களில் அது பாட்டா காற்றா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி வாசலுக்கு வந்தார். முதலில் சீட்டைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"சுடல."

"எட்டு ஓம்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாட்டே கேக்கலியே."

"அங்கருந்து கேக்காது. ஏறிக் குந்து, கேக்கும்."

அண்ணி உள்ளே போய்ப் பையோடு வந்தார்.

வண்டியில் எனக்கு இடமில்லை, ரயிலில் திரும்பினேன். வழியில் எங்கள் ரயிலுக்காக மூடிய ஒரு ரயில்வே கேட்டில் அவர்களைப் பார்த்தேன். மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. இவர்கள் இன்ஜினை அணைத்திருந்தார்கள். அண்ணி ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். அசைந்தால் பாட்டு சிந்திவிடும் என்பதுபோல் அண்ணன் சிலையாக இருந்தார். கை காட்டினேன், பார்க்கவில்லை.

எங்கள் ரயிலுக்கு இன்னும் பத்துப் பெட்டி இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.