ஒழுங்கு மீறிய பரவல்: எங்கள் ஹாலில் எடுத்த அளவுகள்

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. உங்கள் சுகத்தை மகள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், நேரில் விசாரித்து எட்டு மாதம் ஆகிறது, அதற்கும் காரணம் கீழே வருகிறது. போன் செய்தால் பேசாமல் மகளிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். இப்போது செய்தி. மாப்பிள்ளை, நான் கண்டுபிடித்துவிட்டேன்! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மகள் தரை கூட்டும் இயந்திரம் ஒன்று அனுப்பினாள் அல்லவா, தட்டு மாதிரி வட்டமாக, அடியில் சக்கரம் வைத்து? பொத்தானை அழுத்தினால் நேராகப் போகும், சுவரில் முட்டும், திரும்பும், மறுபடி நேராகப் போகும். அத்தை அதற்கு 'பெரிய மனுஷன்' என்று பெயர் வைத்திருக்கிறாள், ஏனென்றால் ஓடியாடி வேலை செய்வதுபோல் இருக்கும், செய்த வேலை மட்டும் கண்ணில் படாது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எட்டு மாதத்துக்கு முன் எங்கள் சாப்பாட்டு மேசையில் உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் சொன்னது பொறி தட்டியது. "விதி ரொம்ப சுலபம் மாமா, ஒரு துகள் ஓடுதுன்னா, முட்டினா திரும்பணும், அவ்வளவுதான். ஆனா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. சாதாரணமா நாலு மடங்கு நேரம் ஆனா ரெண்டு மடங்கு தூரம் விலகியிருக்கும். சிலது இந்தக் கணக்குக்கு அடங்காது. ஒரே இடத்துல ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டு நிக்கும், இல்லன்னா திடீர்னு ஒரே பாய்ச்சலா பாஞ்சிடும். அணு அளவுக்குப் போனா இன்னும் வேடிக்கை, விடாம உதைச்சுக்கிட்டே இருந்தாலும் கொஞ்ச தூரம் பரவிட்டு அப்படியே நின்னுடும்" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஆபீஸ் ஃபைலும் அப்படித்தான் மாப்பிள்ளை, எவ்வளவு உதைச்சாலும் நகராது, அதுக்கு யாரும் டாக்டர் பட்டம் குடுக்கலையே!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீங்கள் சிரிக்கவில்லை. கை கழுவிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு மகள் தனியாகத்தான் வருகிறாள், "அவருக்கு வேலை இருக்குப்பா" என்கிறாள். முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக நிலம் அளந்தவனுக்கு எல்லை எது என்று தெரியாதா? அன்று உங்கள் எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டவன் நான்தான்.

சரி, வாயால் செய்ததை டேப்பால் சரிசெய்வோம் என்று அளக்க இறங்கினேன். தினமும் மதியம் மூன்று மணிக்குப் பெரிய மனுஷனை ஹாலின் நடுவில் வைத்து ஓடவிடுவது, நிமிடத்துக்கு ஒரு முறை அது இருக்கும் இடத்தைக் குறிப்பது, புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் எடுப்பது. முதல் நாள் சாக்பீஸால் குறித்தேன், அதுதான் கூட்டும் இயந்திரம் ஆயிற்றே, பின்னாலேயே வந்து அழித்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் பொத்தான்களை வைத்தேன், அத்தனையையும் விழுங்கிவிட்டது, அதில் இரண்டு என் சட்டையுடையவை. மூன்றாம் நாள் தரையில் ஆணி அடிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன், அத்தை அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் எண் போட்ட லேபிள்களை ஒட்ட ஆரம்பித்தேன், அதுதான் நின்றது. தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் தேய்ந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர், "மேல என்னங்க, தினமும் யானையைக் குளிப்பாட்டுறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார், விஷயத்தைச் சொன்னதும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், இப்போது மூன்று மணிக்கு எனக்கு முன்னால் வந்துவிடுகிறார். யாரும் குறுக்கே நடந்து கெடுத்துவிடக் கூடாது என்று அத்தையைச் சமையலறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். "நான் எப்பங்க ஹாலுக்கு வரலாம்?" என்று கேட்டபடி இருந்தாள். ஆராய்ச்சி என்றால் வீட்டில் உள்ளவர்களும் கொஞ்சம் பொறுத்துப் போகத்தான் வேண்டும், உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

முடிவைக் கேளுங்கள், உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். பத்தொன்பது நாள் சராசரி. பத்தாவது நிமிடத்தில் ஆறடி விலகியிருந்தது. அப்படியானால் நாற்பதாவது நிமிடத்தில் பன்னிரண்டடி இருக்க வேண்டும் அல்லவா? எட்டடிதான் மாப்பிள்ளை, எட்டே அடி! போகப் போகச் சோபா அருகில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அதே இயந்திரம் சமையலறைப் பக்கம் போனால் ஒரே மூச்சில் வாசல்வரை பாய்கிறது! நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே வீட்டில்! தையல்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? ஃபைல் என்று கேலி செய்தேனே, அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. நோட்டுப் புத்தகம் தயாராக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்து உங்கள் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் இன்ஷியலைச் சரியாகப் போடவும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பேரும் புகழுமாக வாழ வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தை இயந்திரத்தைத் துடைக்கக் கவிழ்த்தாள். வயிற்றில் நாற்பத்தேழு லேபிள்கள், பாதி சக்கரத்தில் சுற்றியிருக்கின்றன. "தரை பூரா பசையைத் தடவி வச்சா அது எப்படிங்க நகரும்?" என்கிறாள். சரி, அந்தப் பாய்ச்சல்? "அடுப்படிக்குள்ள வந்து காலை இடிச்சா நான்தான் உதைச்சுத் தள்ளுவேன்." பத்தொன்பது நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னை யாரு கேட்டா?" என்றாள். ஆகவே மேலே உள்ள அளவுகள் எல்லாம் குப்பை. கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன், கிழித்துவிட்டால் உங்களைக் கூப்பிட எனக்கு வேறு சாக்கு கிடையாது. பார்க்க ஒன்றும் இல்லை மாப்பிள்ளை. அன்று பேசியது தப்பு, மன்னித்து, சும்மாவாவது வந்துவிட்டுப் போங்கள். அத்தை இப்போதே ஐந்து தட்டு எடுத்துத் துடைத்து வைக்கிறாள். நாம் நாலு பேர்தானே, ஐந்தாவது யாருக்கு என்றேன், தையல்காரருக்காம், அவர் உங்களிடம் சந்தேகம் கேட்க வேண்டுமாம்.