சமய பாடத்துக்கு ஆள் சேர்த்த ராசன்

"அப்பா, சமய பாடம் நடக்காதாம்."

பிறின்சி இப்படிச் சொன்னதும், ராசன் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏனாம்?"

"ஆக்கள் காணாது. பத்துப் பேராவது வேணுமாம். நாலு பேர்தான் கேட்டிருக்கினம்."

ராசனுக்கு இது சின்னக் கதை இல்லை. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வருஷக்கணக்காகத் தட்டுக் கழுவுகிற மனுசன் அவர். வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் டொக்டர் நடந்துபோனால் போதும், அந்தக் கோட்டைக் கழற்றித் தன் மகளுக்குப் போட்டுப் பார்த்துவிடுவார். ஆனால் இந்த நாட்டில் மருத்துவத்துக்கு இடம் கிடைப்பதென்றால் அபிற்றூர் என்கிற பள்ளி இறுதிச் சோதனையில் சராசரி ஒன்றை ஒட்டி நிற்கவேண்டும். இங்கே ஒன்றுதான் உச்சம், ஆறு என்றால் கதை கந்தல். அடுத்த வகுப்பில் எடுக்கிற இரண்டு முதன்மைப் பாடங்கள்தான் அந்தச் சராசரியைத் தூக்கும், இல்லாவிட்டால் கவிழ்க்கும்.

பிறின்சி முதலில் கேட்டது கணக்கும் பௌதிகமும். கணக்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பௌதிகம்தான் வில்லங்கம். அந்த வாத்தியார் ஒருவருக்கு ஒன்று போட்டால் பள்ளிக்கூடமே கூடி நின்று பார்க்குமாம்.

"எனக்குப் பௌதிகம்தான் விருப்பம். கஷ்டமெண்டாலும் படிப்பன்," என்று மகள் மாசம் முழுக்க மல்லுக்கு நின்றாள்.

"விருப்பம் வேற, புள்ளி வேற, பிள்ளை. டொக்டராய் வந்தாப் பிறகு ஆற அமர இருந்து பௌதிகம் படி," என்று ராசனும் விடவில்லை.

போன கிழமைதான் அவள் ஒருமாதிரி இறங்கிவந்து, "சரி, சமயம் எடுக்கிறன்" என்றாள். மன்னாரில் தலைமுறை தலைமுறையாகப் பூசை தவறாத குடும்பம். சமயத்தில் இவளுக்கு ஒன்று வராமல் வேறு யாருக்கு வரும்? ராசன் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தார். அந்த நிம்மதி ஒரு கிழமை தாங்கவில்லை.

"சமயம் நடக்காட்டி?"

"திரும்பப் பௌதிகம்தான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்," என்றாள் பிறின்சி, கறியை அள்ளி விட்டுக்கொண்டு.

"ஆறு பேர்தானே குறையுது? நான் பாக்கிறன்."

மனைவி டொறத்தி அகப்பையோடு திரும்பினாள். "இஞ்சருங்கோ, பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடிக்கப் போறியளே? இதென்ன எலக்சனோ?"

"நீ சும்மா இரு."

முதல் தொலைபேசி மகேந்திரராஜாவுக்கு. அவருடைய மகள் பிருந்தாவும் பிறின்சியோடு படிக்கிறவள். பிறின்சி பியானோ பழகினால் பிருந்தாவும் பியானோ, பிறின்சி நீச்சல் என்றால் பிருந்தாவும் தண்ணீருக்குள். அந்த வீட்டுச் சட்டம் அது.

"அண்ணை, பிருந்தாவைச் சமய பாடத்துக்குப் போடுங்கோ."

"ஐசே, நாங்கள் சைவம்."

"திருநீறோ சிலுவையோ எண்டு அவை பாக்கிறேல்லை அண்ணை. ஆரும் படிக்கலாமாம். புள்ளி எண்டால் அள்ளிக் குடுப்பினமாம்."

"உங்கட பிறின்சி பௌதிகம் எண்டுதானே நாங்களும் பௌதிகம் குடுத்தனாங்கள்."

"அவ மாறியிட்டா."

"அப்ப நாங்களும் மாறுறம்," என்றார் மகேந்திரராஜா.

அடுத்தது சுந்தரேஸ்வரி அக்கா. அவவுக்கு இரட்டைப் பெடியன்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பிறகு பாலச்சந்திரன். அங்கேயும் பிறின்சியைப் பார்த்துப் பௌதிகம் கேட்டிருந்த பிள்ளைகள்தான். எல்லோரிடமும் ராசன் ஒரே பாட்டைத்தான் பாடினார்: மருத்துவத்துக்குக் குறுக்கு வழி சமயம், பிறின்சியும் அதுதான் எடுக்கிறாள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது தனக்குள் சிரித்துக்கொண்டார். சனம் நல்ல சனம், சொன்னால் கேட்கிறது.

சனம் தேவைக்கு மேலேயே கேட்டது. புதன்கிழமை தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் அவருடைய காதுக்குள் குனிந்தார்.

"தம்பி, உங்களுக்கும் பிள்ளையள் இருந்தா சமயத்தில போடுங்கோ. வெளியில சொல்லாதேங்கோ. மருத்துவத்துக்கு அதுதானாம் வழி."

ராசன் கத்தரிக்காயை அப்படியே போட்டார். வீட்டுக்கு ஓடிவந்தார்.

"எத்தினை பேர் இப்ப?"

"இருபதுக்கு மேலை, அப்பா. தமிழாக்களைப் பாத்து மற்றாக்களும் வருகினம். பத்துப் பேருக்கெண்டா பழைய ரீச்சர்தான். இவ்வளவு பேருக்கு வேற வாத்தியாராம்."

"ஆர் அது?"

"பொல்லாத மனுசன். வகுப்பில முக்கால்வாசிக்கு நாலுதான் போடுறவராம்."

ராசன் கதிரையில் இருந்துவிட்டார். நாலு என்றால் மருத்துவம் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கைப்பிள்ளையாகத் தூக்கி வளர்த்த கனவைத் தன் கையாலேயே கவிழ்த்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது. உடனே ஆட்களைக் குறைக்கவேண்டும். மகேந்திரராஜாவை அழைத்தார்.

"அண்ணை, பிருந்தாவை மாத்துங்கோ. அந்த வாத்தியார் சரியில்லையாம்."

"ஓகோ. இப்ப புள்ளி முழுக்க உங்கட பிள்ளை தனிய அள்ளவோ?"

"அப்பிடியில்லை அண்ணை..."

"சாமித்தட்டில பிள்ளையாருக்குப் பக்கத்தில பைபிளும் வைச்சாச்சு. பிருந்தா விடியக்காலமையில ரண்டு பக்கம் படிக்கிறா. இனி மாத்தமாட்டன்," என்று டக்கென்று வைத்துவிட்டார்.

சுந்தரேஸ்வரி அக்கா அதைவிட மோசம். அவ ராசனுடைய குரலைக் கேட்டதும், வேண்டுமென்றே மற்றச் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றையும் சமயத்தில் போடுவித்தா.

வியாழக்கிழமை முழுக்க ராசன் சாப்பிடவில்லை. இரவாகியதும் மகளிடம் போய், தோற்றவர் குரலில் சொன்னார்: "பிள்ளை, நீ பௌதிகமே எடு. கஷ்டமெண்டாலும் உனக்கு விருப்பமான பாடம். விருப்பமிருந்தா புள்ளி வரும்."

பிறின்சி அவரைக் கட்டிப்பிடித்தாள். பத்து வயசுக்குப் பிறகு அவள் கட்டிப்பிடித்தது அன்றைக்குத்தான். "இப்ப மாத்த விடுவினமோ தெரியேல்லை அப்பா," என்று முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"நான் போய்க் கேக்கிறன்."

டொறத்திக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்களை நம்பி வந்த சனத்தைக் கிணத்துக்குள்ள இறக்கிப்போட்டு இப்ப கயிறை அறுக்கிறியளே? மகேந்திரராஜாவுக்குத் தெரிஞ்சா முகத்தில முழிக்க ஏலாது."

"தெரிஞ்சாத்தானே."

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். மேல்வகுப்புகளுக்குப் பொறுப்பான ஹெல்விக் அம்மையாரின் அறைக்கு முன்னால் ஒரு கதிரையில், கோட்டும் சூட்டுமாக மகேந்திரராஜா இருந்தார்.

ராசன் இழுத்தார். "அண்ணை... நீங்கள் இஞ்சை?"

"பிருந்தாவின்ரை பேர் வடிவாப் பதிஞ்சிருக்கோ எண்டு பாக்க வந்தனான். ஆட்கள் குழப்பப் பாக்கினமெல்லே. நீங்கள்?"

"நானும்... நன்றி சொல்லிட்டுப் போவமெண்டு."

"அப்ப சேர்ந்தே போவம், வாங்கோ."

கதவு திறந்தது. தப்ப வழியில்லை. மத்தியானத்தோடு பதிவு முடிகிறது. இப்போது கேட்காவிட்டால் இனி இல்லை. மகேந்திரராஜாவின் ஜெர்மன் கடைத்தெருவோடு சரி என்பது மட்டும்தான் ஒரே ஆறுதல். ராசன் மாதாவை நினைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், கடகடவென்று ஜெர்மனில் கொட்டினார்: நான் பிறின்சியின் அப்பா, அவளைச் சமயத்திலிருந்து எடுத்துத் தயவுசெய்து பௌதிகத்தில் போடுங்கள், இடம் இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள்.

பக்கத்தில் மகேந்திரராஜா ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

ஹெல்விக் அம்மையார் எழுந்து வந்து ராசனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு, வெளிநாட்டுக்காரர் இரண்டு பேருக்கும் வடிவாக விளங்கட்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாக, பிசிறில்லாத ஜெர்மனில் சொன்னார்:

"பிறின்சி பௌதிகத்தை விட்டு எங்கேயும் போகவில்லையே; அங்கே ஆள் கூடிப்போய் நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட இருந்தபோது, அவள்தான் வந்து 'ஒரு கிழமை பொறுங்கள், மிச்சப் பேரை என் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்' என்றாள்."