மஞ்சள் பூசிய கம்ப்யூட்டர்

நகரியில் என் வீட்டை எந்த இன்ஜினியரும் கட்டவில்லை, நான்தான் கட்டினேன். (மாடிப்படியில் ஒரு படி மட்டும் கொஞ்சம் உயரம். வருகிறவர்கள் பார்த்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.) பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த விசைத்தறியை வாங்கி வந்து, நானே பிரித்து, நானே பூட்டி ஓடவிட்டேன். இன்று அது ஒரு தறிக்கூடமாகப் பெருகி நிற்கிறது. தண்ணீரே வராது என்று ஊர் கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இத்தனைக்கும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அப்படிப்பட்ட நான், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டியதிலும் எனக்குப் பங்கு உண்டு என்று சொன்னால் சிரிக்க என்ன இருக்கிறது? வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் பவித்ரா திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்தவள். சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில், அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனு போட்டாள். ‘சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டுகிறேன்’ என்று அதில் எழுதியும் விட்டாள் (என் ரத்தமாயிற்றே). அவர்களும் விடவில்லை. அந்தக் கம்ப்யூட்டரிலேயே வந்து பேசு, பார்க்கலாம் என்று வீடியோ இண்டர்வியூவுக்கு நாள் குறித்தார்கள். மதியம் மூன்று மணிக்கு.

அன்று காலை முன்னறையில் பாயை விரித்து, திருப்பதியில் வாங்கிய சாமான்களைப் பரப்பிவிட்டு அவள் குளிக்கப் போனாள். நான் பார்த்தேன். புது இயந்திரம், ஒரு பொட்டு இல்லை, பூ இல்லை. எங்கள் கூடத்தில் பொட்டு வைக்காமல் புதுத் தறியின் ஸ்விட்சைத் தொடமாட்டோம். பெரிய சாமானுக்கு மஞ்சளும் குங்குமமும், தறியில் குறுக்கே ஓடுகிற நாடா மாதிரி சின்னச் சாமானுக்கு மூக்கில் மஞ்சள் மட்டும். அந்த முறைப்படி பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். பக்கத்தில் சீப்பு போல நீளமாக ஒரு துண்டு, அடியில் தங்கப் பல் வரிசை. தங்கம் பூசியிருக்கிறார்கள் என்றால் அதுதான் தலையாய சாமான். பல் விடாமல் குழைத்த மஞ்சளைத் தடவி, கற்பூரம் காட்டி, இருந்தபடியே வைத்தேன். தங்கத்தின் மேல் மஞ்சள், யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

பவித்ரா வந்து அவசர அவசரமாக எல்லாவற்றையும் பூட்டினாள். நான் தெருவையே அழைத்திருந்தேன். முதல் ஆளாக வந்து நாற்காலியைப் பிடித்தவன் மச்சான் ஏகாம்பரம். ஸ்விட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு.

“இன்னா மாமா, படம் காட்றேன்னு கூப்ட்டு காத்து வாங்க வச்சிட்ட?” என்றான் ஏகாம்பரம்.

“சும்மா இர்ரா. புதுத் தறி கூட முரண்டு பண்ணித்தான் ஓடும்” என்று சொல்லிப் பெட்டியின் விலாவில் ஒன்று வைத்தேன். (எங்கள் பழைய டிவி என் கைக்குப் பயந்தே பல வருடம் ஓடியது.)

“அடிக்காத நைனா! இது இன்னா மாடா?” என்று பவித்ரா என் கையைப் பிடித்தாள். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்.)

பவித்ரா ஒயரை மாற்றினாள், பிடுங்கிச் செருகினாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. மணி இரண்டைத் தாண்டியது. அவள் குரல் உடைய ஆரம்பித்தது. திருப்பதிக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் தெலுங்கில், “ராம் தீசி மள்ளீ பெட்டம்மா” என்றார். அந்தத் தங்கப் பல் துண்டைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்கிறார்.

“அத்த மட்டும் தொடாதம்மா. அதுக்கு நானே பூஜ போட்டிருக்கேன்” என்றேன் பெருமையாக.

அவள் மெதுவாகத் திரும்பினாள். “பூஜன்னா?”

“மஞ்சள்தான்.”

“எங்க வச்ச?”

“பல்லு மேல.”

அவள் துண்டை உருவி விரலால் தடவிக் காட்டினாள். விரல் மஞ்சள். ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து நழுவி விழுந்து சிரித்தான். உள்ளேயிருந்து என் மனைவி, “இந்த மனுசனுக்குக் கை சும்மா இருக்காதே! பொண்ணு பொழப்புல மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கினு நிக்கிறாரு பாரு!” என்று கத்தினாள்.

பவித்ரா அழவில்லை. பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். அது செருகும் பள்ளத்தை உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டினாள். டார்ச் பிடித்தது யார்? நான். மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். திரை பளிச்சென்று எரிந்தது. சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டேன். “கட்டும்போது ஏதாவது பிரச்சினை வந்ததா?” என்று கேட்டார்கள்.

“டிஸ்ப்ளே வரல சார்.”

“காரணம்?”

“எங்க நைனா சார்.”

ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கோளாறை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார் ஒருவர். அந்த வாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும், பைக் கிளம்பாவிட்டாலும், ஒரே கேள்விதான்: “நைனா, மஞ்சள் வச்சியா?” மூத்த மகள் வழிப் பேரப்பிள்ளைகள் வரை கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கேட்கட்டும். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் ‘கட்டியவர்: பவித்ரா’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாளே, அது என்ன நியாயம்? போட்ட உடனே திரை எரிந்திருந்தால், ‘பிரச்சினை வந்ததா’ என்ற இண்டர்வியூ கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பாள்? யாருமே பார்க்காத கோளாறை உண்டாக்கிக் கொடுத்தவன் யார்? அந்த ஸ்டிக்கரில் என் பெயரும் வந்தாக வேண்டும். பெரிய எழுத்தெல்லாம் வேண்டாம். அவள் பெயர் அளவுக்கு இருந்தால் போதும்.